வில்லும் அடக்கியும்: பழைய ஜீப்பின் முன்சக்கரத்தில் இயற்பியல்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

முன்னுரை

இயற்பியல் என்பது ஆய்வகத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்கும் கல்வி அன்று. சுருள்வில்லில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் பிடித்து, இருபது அலைவுகளை எண்ணி முதலாண்டில் நாம் செய்த சோதனையை எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சுருள்வில்லும் எடைக்கல்லும் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எங்கள் ஊர்த் தெருவில் புறப்பட்டு மலையேறுகின்றன. சுருள்வில்லுக்குப் பதில் அங்கே கமான் பட்டை. எடைக்கல்லுக்குப் பதில் மனிதர்கள்.

போடிநாயக்கனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் பலர். போடிமெட்டு மலைப்பாதை வழியாக அவர்களை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பழைய ஜீப்புகளே. என் தாயார் அவ்வாறு செல்பவர். தாய்மாமன் அவ்வண்டிகளுள் ஒன்றை ஓட்டுபவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே ஜீப்பின் முன்சக்கரத்தில் உள்ள 'ஷாக் அப்சார்பர்' என்னும் சிறு கருவியைப் பற்றிய இக்கட்டுரை, எனக்குப் பாடமும் வீட்டுச் செய்தியும் ஆகும்.

வில்வண்டியும் ஜீப்பும்

நம் முன்னோர் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். கட்டை வண்டியில் சக்கரம் கல்லில் ஏறினால் அமர்ந்திருப்பவரும் அதே அளவு மேலே எறியப்படுவார். வில்வண்டியிலோ, அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் உள்ளன. சக்கரம் எழும்போது பட்டை வளைகிறது. அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது.

ஜீப்பின் அமைப்பும் இதுவே. 1941ஆம் ஆண்டு உலகப் போருக்காக அமெரிக்காவில் பெருமளவில் உற்பத்தி தொடங்கிய வில்லிஸ் ஜீப்பில், முன்னும் பின்னும் நேரான இறுகிய அச்சும் அதன்மேல் கமான் பட்டையும் இருந்தன. மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று, 1940களின் இறுதியிலிருந்து பம்பாயில் இவ்வகை ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பின்வந்த பல மாதிரிகளிலும் முன் அச்சில் கமான் பட்டையே தொடர்ந்தது. மலைத்தோட்டங்களில் இன்றும் ஓடும் பழைய வண்டிகள் பல இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

வில்வண்டிக்கும் ஜீப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாட்டின் நடை வேகத்துக்குப் பட்டைகளின் உராய்வே போதுமானது. பல பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது தோன்றும் உராய்வு, ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு அது போதாது. அங்கேதான் எண்ணெய் நிரம்பிய அடக்கி தேவைப்படுகிறது.

ஷாக் அப்சார்பர் என்னும் பெயர் பொருத்தமுடையதன்று என்பதை இங்கே கூறிவிட வேண்டும். அதிர்ச்சியை முதலில் ஏற்பது பட்டை. பட்டை ஏற்ற ஆற்றலை மீண்டும் மீண்டும் திருப்பித் தந்து வண்டியை ஆட்டாதவாறு, அதை வெப்பமாக மாற்றி அழிப்பதே இக்கருவியின் தொழில். ஆகவே இனி இதனை 'அதிர்வடக்கி' என்றே குறிப்பிடுகிறேன்.

தடையுறு அலைவு: ஒரு சிறு கணக்கு

கணக்கு எளிதாக அமையும் பொருட்டு, முன்சக்கரம் ஒன்றின் பட்டை 300 கிலோகிராம் நிறையைத் தாங்குகிறது என்றும், பட்டையின் வில் மாறிலி மீட்டருக்கு 30,000 நியூட்டன் என்றும் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், நிறையின் விசை 3,000 நியூட்டன். எனவே பட்டை 10 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும்.

வில் மாறிலியை நிறையால் வகுத்தால் 100. அதன் வர்க்கமூலம் 10. அதை இரண்டு பையால் வகுத்தால் ஏறத்தாழ 1.6. அதாவது இந்த முன்பகுதியின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 1.6 அலைவுகள்.

அலைவே இன்றி மிக விரைவில் நிலைக்குத் திரும்பத் தேவையான தடையை மாறுநிலைத் தடை என்கிறோம். வில் மாறிலியையும் நிறையையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் அது கிடைக்கும். நம் கணக்கில் அது 6,000; அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 6,000 நியூட்டன் எதிர்ப்பு. இவ்வளவு தடையை வண்டியில் வைப்பதில்லை. வைத்தால் ஒவ்வொரு கல்லும் இடுப்பெலும்பில் தெரியும். பொதுவாக மாறுநிலைத் தடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை வைக்கிறார்கள். நாம் 30 விழுக்காடு, அதாவது 1,800 என்று கொள்வோம்.

இனி வண்டியின் முன்பகுதி ஒரு பள்ளத்தில் 10 சென்டிமீட்டர் ஆடத் தொடங்கினால் என்ன நிகழும்? 30 விழுக்காடு தடையிருந்தால், ஓர் அலைவு முடிந்ததும் வீச்சு 1.4 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். இரண்டாவது அலைவு முடியும்போது அது வெறும் 2 மில்லிமீட்டர். அடக்கி தேய்ந்து, தடை 5 விழுக்காடாக இறங்கியிருந்தாலோ, ஓர் அலைவுக்குப் பின்னும் 7 சென்டிமீட்டருக்கு மேல் ஆட்டம் மிஞ்சும். ஐந்து அலைவுகளுக்குப் பின்னும் 2 சென்டிமீட்டர் இருக்கும். ஐந்து அலைவுகள் என்பது மூன்று நொடிக்கும் சற்று மிகுதி. அந்த மூன்று நொடிக்குள் மலைப்பாதையில் அடுத்த வளைவு வந்துவிடும்.

ஒத்ததிர்வும் இங்கே வந்து சேர்கிறது. சாலையில் 5 மீட்டருக்கு ஒரு மேடு வீதம் தொடர்ந்து இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நொடிக்கு 1.6 மேடுகளை வண்டி கடக்கும். அது இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகிறது. தடை குறைந்த வண்டி அவ்வேகத்தில் ஊஞ்சலாகிவிடும்.

முன்சக்கரத்துக்கு ஏன் தனிக் கவனம் வேண்டும் என்று கேட்கலாம். வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது எடையும் முன்னோக்கி வருகிறது. சக்கரம் துள்ளித் தரையை விட்டு எழுந்திருக்கும் கணத்தில், அதற்குத் திருப்பும் ஆற்றலும் இல்லை, நிறுத்தும் ஆற்றலும் இல்லை. டயரைத் தரையோடு சேர்த்து வைத்திருப்பதே முன் அடக்கியின் தலையாய கடமை. பயணியின் சுகம் அதற்கு அடுத்தது.

அடக்கியின் உள்ளே

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு த்ருஃபோ என்பவர் உராய்வுத் தட்டுகளால் இயங்கும் அடக்கியை உருவாக்கினார். ஹார்ட்ஃபோர்டு என்பவர் அதனை அமெரிக்காவில் பரப்பினார். பின்னர் உராய்வின் இடத்தை எண்ணெய் பிடித்தது. 1950களில் தெ கார்பன் என்னும் பிரெஞ்சுக்காரரின் ஆராய்ச்சியால், அழுத்தமூட்டிய நைட்ரஜன் வாயு கொண்ட ஒற்றைக்குழாய் அடக்கி புழக்கத்துக்கு வந்தது.

பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் காணப்படுவது இரட்டைக்குழாய் அடக்கி. உட்குழாயில் எண்ணெயும், அதனுள் துளைகளும் தடுக்கிதழ்களும் கொண்ட பிஸ்டனும் உள்ளன. தண்டு உள்ளே நுழையும்போது அதன் பருமனுக்கு ஏற்ற எண்ணெய் அடித் தடுக்கிதழ் வழியாக வெளிக்குழாய்க்குச் செல்லும். தண்டு வெளிவரும்போது திரும்ப வரும். வெளிக்குழாயின் மேற்பகுதியில் வாயு உண்டு. ஆகையால் இவ்வகை அடக்கியைத் தலைகீழாகப் பொருத்தலாகாது. புதிதாகப் பொருத்தும்முன் நிமிர்த்திப் பிடித்து, சில முறை முழுதாக இழுத்து அழுத்த வேண்டும் என்று பட்டறையில் சொல்வதும் இதற்காகவே. உட்குழாயில் சேர்ந்த காற்று அப்போது வெளியேறும்.

பெரும்பாலான அடக்கிகள் அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பைவிட விரியும்போது காட்டும் எதிர்ப்பு மிகுதி. கல்லில் ஏறும் சக்கரத்தைத் தாராளமாக மேலே போகவிட்டு, அமுங்கிய பட்டை வண்டியைத் தூக்கி எறிய முயலும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதே கருத்து.

எதிர்ப்பு விசை வேகத்தைப் பொறுத்தது என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வேகம் சுழியானால் தடை விசையும் சுழி. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் எடையை அடக்கி தாங்குவதில்லை. வாயு அடக்கியில் சிறிதளவு தள்ளுவிசை உண்டு. பட்டை தாங்கும் எடைக்கு முன் அது மிகச் சிறியது.

மாமாவின் கேள்வி

என் மாமா தம் ஜீப்பின் முன்பகுதி தாழ்ந்து போவதையும் வளைவுகளில் ஆடுவதையும் கண்டு, ஒரு பட்டறையில் கனமான வண்டிக்கு உரிய நீண்ட அடக்கிகளைப் பொருத்திக்கொண்டார். இரண்டு மாதத்தில் சேஸியில் உள்ள மேல் தாங்கி விரிசல் கண்டது. விடுமுறைக்கு நான் ஊருக்குச் சென்றபோது அவர் கேட்டார்:

"மாப்ள, ரெண்டு வருசமா என்னமோ இயற்பியல்னு படிக்கிறியே. பெரிய ஷாக்கு போட்டா வண்டி பெரிய சுமை தாங்கணுமா இல்லையா? இது ஏன் ஒடிஞ்சுச்சு, சொல்லு பாப்பம்."

இக்கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. முதற்கேள்விக்கு விடை மேலே கூறியதே. ஒரு சக்கரத்தின் மேல் உள்ள நிறை 300 கிலோவிலிருந்து 400 கிலோவாக உயர்ந்தால், நம் கணக்கின்படி பட்டை மேலும் 3.3 சென்டிமீட்டர் அமுங்கும். எவ்வளவு பெரிய அடக்கியைப் போட்டாலும் இதில் மாற்றம் இராது. அமுங்கிய வண்டிக்கு மேல்நோக்கி அசைய எஞ்சியுள்ள இடம் குறையும். மேலும், நிறை கூடியதால் மாறுநிலைத் தடையும் 6,000இலிருந்து ஏறத்தாழ 6,900ஆக உயர்கிறது. பழைய அடக்கி அதே 1,800ஐத் தருவதால், 30 விழுக்காடாக இருந்தது 26 ஆகிறது. ஆக, சுமை ஏற ஏற வண்டி தாழ்கிறது. தாழ்வதோடு ஆட்டமும் மிகுகிறது. ஆட்டத்துக்கு அடக்கியில் மருந்துண்டு. தாழ்வுக்கு அதில் மருந்தில்லை.

நீளம் அளக்கும் முறை

இரண்டாவது கேள்விக்கு விடை காண, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் சென்றேன். அளக்கும் முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மேல் தாங்கியின் முளைக்கும் கீழ்த் தாங்கியின் முளைக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். மாமாவின் வண்டியில் அது 375 மில்லிமீட்டர். இது நிலை நீளம்.

இரண்டாவதாக, சேஸியில் உள்ள ரப்பர்த் தடுப்புக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அது 50 மில்லிமீட்டர். ரப்பர் நசுங்குவதற்கு 15 சேர்த்தால் 65. எனவே சக்கரம் முழுதும் மேலே வரும்போது முளைகளுக்கு இடையே 310 மட்டுமே எஞ்சும்.

மூன்றாவதாக, சேஸியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அடக்கியைக் கழற்றிவிட்டு, அச்சு தானாகத் தொங்கும்போது அளக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லலாகாது. தொங்கும் நிலையில் அளவு 435 மில்லிமீட்டர்.

இருபுறமும் 10 மில்லிமீட்டர் இடம் விட்டால், இவ்வண்டிக்கு ஏற்ற அடக்கி முழுதும் அமுங்கும்போது 300க்கு மிகாமலும், முழுதும் விரியும்போது 445க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது பெறப்படும்.

பொருத்தியிருந்த நீண்ட அடக்கியை அளந்தேன். அமுங்கிய நீளம் 340. நிலை நீளமோ 375. அதாவது சக்கரம் 35 மில்லிமீட்டர் மேலே வந்ததும் அடக்கி முற்றிலும் மூடிக்கொள்கிறது. ரப்பர்த் தடுப்பு தொடுவதற்கு இன்னும் 15 மில்லிமீட்டர் இருக்கும்போதே இரும்போடு இரும்பு மோதுகிறது. அதுவரை பட்டைக்குச் சென்ற விசை முழுதும் அக்கணமே மேல் தாங்கியைக் குத்துகிறது. அதிலும் சுமை ஏற்றிய வண்டி ஏற்கனவே 3 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் எஞ்சுவது சில மில்லிமீட்டரே. அந்நிலையில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு சம்மட்டி அடி. தாங்கி இரண்டு மாதம் உழைத்ததே பெரிது.

இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. கூடுதல் பட்டை சேர்த்தோ ஷேக்கிளை நீட்டியோ வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்துபவர்கள் உள்ளனர். நிலை நீளம் 425 ஆகிவிடும். பழைய அடக்கி 445இல் முழுதும் விரிந்துவிடுமாயின், சக்கரம் பள்ளத்தில் இறங்க 20 மில்லிமீட்டர்தான் இடம். அதன்பின் அச்சின் எடை அடக்கியில் தொங்கும், கண்வளையம் பிய்ந்துபோகும். உயர்த்திய வண்டியில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, முன் புரொப்பெல்லர் தண்டின் கோணம் மிகுகிறதா, ஸ்டீயரிங் கோலின் சாய்வு மாறுகிறதா என்பனவற்றையும் பார்த்தாக வேண்டும்.

சாய்வின் விளைவு

இடம் போதாதபோது புதிய தாங்கியைப் பற்றவைத்து அடக்கியைச் சாய்த்துப் பொருத்துவது வழக்கம். சாய்வில் என்ன இழக்கிறோம் என்பதை முக்கோணவியல் சொல்லும். செங்குத்திலிருந்து சாய்ந்த கோணத்தின் கொசைன் அளவே அடக்கி நகர்கிறது. ஆகவே விசையும் அந்த அளவு குறைகிறது. அவ்விசையின் செங்குத்துக் கூறு மேலும் ஒருமுறை கொசைன் அளவு குறைகிறது. ஆக, பயன் கொசைனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15 டிகிரி சாய்வில் 93 விழுக்காடும், 30 டிகிரியில் 75 விழுக்காடும், 45 டிகிரியில் பாதியும் மட்டுமே கிடைக்கும். விலையுயர்ந்த புதிய அடக்கியை வாங்கி 45 டிகிரியில் சாய்த்துப் பொருத்துபவர், பாதி விலையைச் சாலையில் எறிந்தவர் ஆவார்.

ஒன்றுக்கு இரண்டு

ஒரு சக்கரத்துக்கு இரண்டு அடக்கிகள் பொருத்துவோரும் உண்டு. நம் கணக்கில் தடை 1,800இலிருந்து 3,600 ஆகும். மாறுநிலைத் தடையில் 60 விழுக்காடு. மெதுவான ஆட்டம் நன்றாக அடங்கும் என்பது உண்மையே. கூரிய கல் ஒன்று சக்கரத்தை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மேலே தள்ளினால், முன்பு சேஸிக்கு 1,800 நியூட்டன் சென்ற இடத்தில் இப்போது 3,600 செல்லும். சேஸியின் ஆணிகளும் பயணியின் முதுகெலும்பும் அதை அறியும்.

இரட்டை அடக்கிக்கு ஒரு நியாயமான பயன் உண்டு. அது வெப்பம் பற்றியது. 10 சென்டிமீட்டர் அமுங்கிய நம் பட்டையில் 150 ஜூல் ஆற்றல் சேர்கிறது. நொடிக்கு ஒருமுறை அவ்வாறு நிகழ்ந்தால், அந்த அடக்கி 150 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். எண்ணெய் சூடாகிப் பாகுத்தன்மை குறையும், வாயுவோடு கலந்து நுரைக்கும், தடை தளரும். நைட்ரஜன் அழுத்தம் கொண்ட அடக்கி நுரைப்பதைக் குறைக்கிறது. நெடுந்தூரம் கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு, ஒன்றுக்கு இரண்டைவிட இத்தகைய ஒன்றே பொருத்தமான மாற்றம் என்பது என் கருத்து.

உயரமும் கவிழ்தலும்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நாடி.

வளைவில் செல்லும் வண்டி கவிழுமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: இடவலச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலம், ஈர்ப்பு மையத்தின் உயரம். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவது வண்டியின் நிலைத்தன்மை. வில்லிஸ் வழி ஜீப்புகளின் சக்கர அகலம் ஏறத்தாழ 1.24 மீட்டர், பாதி 0.62. ஆள் ஏறிய வண்டியின் ஈர்ப்பு மையம் 0.80 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் விகிதம் 0.78. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில், மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் உட்புறச் சக்கரம் தரையை விடும். வண்டியின் சாய்வையும் பட்டையின் நெகிழ்வையும் சேர்த்தால் உண்மையான எல்லை இதனினும் குறைவு.

அடக்கி இந்த எல்லையை ஒரு கிலோமீட்டர்கூட உயர்த்துவதில்லை. வண்டி சாயும் வேகத்தைத்தான் அது குறைக்கிறது. வளைவு நீண்டால் முடிவில் சாயும் அளவு பட்டையைப் பொறுத்ததே. விறைப்பான அடக்கி பொருத்திய வண்டி ஆடாமல் அசையாமல் செல்வதால் ஓட்டுநருக்குத் துணிவு பிறக்கும். துணிவு வேகத்தைக் கூட்டும். எல்லை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தியிருந்தாலோ, எல்லையே கீழே இறங்கியிருக்கும். நிலைத்தன்மை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்திருக்கும்.

இதே கணக்கு ஒரு நல்வழியையும் காட்டுகிறது. ஆட்களோடு சேர்த்து வண்டியின் நிறை 2,000 கிலோ. மேற்கூரைக் கேரியரில் 100 கிலோ மூட்டை என்று கொள்வோம். அம்மூட்டைகளைக் கூரையிலிருந்து 1.2 மீட்டர் கீழே, வண்டியின் தரைக்கு இறக்கினால், ஈர்ப்பு மையம் 6 சென்டிமீட்டர் தாழும். நிலைத்தன்மை 8 விழுக்காடு கூடும். ஐந்து காசு செலவில்லாத இந்த மாற்றம், பல ஆயிரம் ரூபாய் செலவில் செய்யும் எந்த அடக்கி மாற்றமும் தராத பாதுகாப்பைத் தருகிறது.

இக்கணக்குகளை நோட்டுப் புத்தகத்தில் போட்டு மாமாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கூறினார்:

"கணக்கு சரிதான் மாப்ள. கூரையில மூட்டை ஏத்த மாட்டேன், அத விடு. ஆனா வண்டியில நாலு பேரைக் கொறைச்சா, அந்த நாலு பேருக்கு அன்னைக்குக் கூலி போச்சு. அதுல ஒங்கம்மாவும் ஒருத்தியா இருக்கலாம். அதுக்கு ஒன் கணக்குல எடமிருக்கா?"

என் கணக்கில் அதற்கு இடமில்லை. வில் மாறிலிக்கும் நிறைக்கும் உள்ள உறவை நியூட்டன் விதி கூறும். ஒரு நாள் கூலிக்கும் ஓர் உயிருக்கும் உள்ள உறவை அது கூறாது. ஆயினும் ஒன்று சொல்லலாம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றும்போது வரும் இடர் குறைந்துவிட்டது என்ற எண்ணத்தை 'பெரிய ஷாக்கு' தருமாயின், அது பொய் எண்ணம். இடர் எங்கே உள்ளது என்று தெரிந்து ஓட்டுபவருக்கும், இல்லை என்று நம்பி ஓட்டுபவருக்கும் வளைவின் முன் வேறுபாடு உண்டு.

செய்யத்தக்கவை

பழைய ஜீப் வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகள் நம் கல்லூரியில் பலர் உள்ளனர். அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

1. முன் மட்கார்டை உடல் எடையால் அழுத்தி விட்டுவிடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நலம். மீண்டும் மீண்டும் ஆடினால் அடக்கி தேய்ந்தது.

2. அடக்கியின் உடலில் எண்ணெய் வழிந்த ஈரம் உண்டா, டயரின் மேற்பரப்பில் குழி குழியாகத் தேய்மானம் உண்டா என்று பாருங்கள்.

3. கரடுமுரடான பாதையில் ஓடி நின்றதும் இரு முன் அடக்கிகளின் அருகே கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்ததே நோயாளி. ஆற்றலை வெப்பமாக்குவது அதன் தொழில். வேலை செய்யாதது சூடாவதில்லை.

4. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ்ஷையும் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். ரப்பர் புஷ்களை வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள்.

5. வாங்கும்முன் மேற்கூறிய மூன்று அளவுகளையும் எடுங்கள். கடைக்காரர் சொல்லும் பெயரைவிட அளவு நாடா நம்பத்தக்கது.

6. தேய்ந்த உறுப்புக்கு ஈடான புதிய உறுப்பைப் பூட்டுவது பராமரிப்பு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கும் பதிவுச் சான்றின் விவரங்களுக்கும் முரண்பாடு நேருமாறு வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

முடிவுரை

மாமாவின் ஜீப்பில் விரிசல் கண்ட தாங்கியை மாற்றி, அமுங்கிய நீளம் 298, விரிந்த நீளம் 450 உள்ள அடக்கிகளைப் பொருத்தினோம். ஓய்ந்துபோன பட்டைகளை வளைவு கொடுத்துச் சீரமைத்தோம். வண்டி தாழ்ந்ததற்கு மருந்து அங்கேதான் இருந்தது. கூரைக் கேரியரைக் கழற்றி வீட்டுக் கொல்லையில் வைத்துவிட்டார். இப்போது அதன்மேல் அவரைக் கொடி படர்ந்திருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கை பற்றி நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தாங்குவது வில், அடக்குவது அடக்கி, எல்லையை வகுப்பது உயரமும் அகலமும். ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யும் என்று நம்புவதே பழைய வண்டிகளில் நாம் செய்யும் மாற்றங்கள் பலவற்றின் குறை. பாடப் புத்தகத்தின் தடையுறு அலைவு என்னும் அதிகாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நண்பர்கள், ஒருமுறையேனும் ஒரு ஜீப்பின் முன்சக்கரத்தருகே அமர்ந்து அதைப் படிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன். அச்சமன்பாட்டில் நிறை என்று குறிக்கப்படும் எழுத்துக்குள், விடியலில் தூக்குச்சட்டியோடு மலையேறும் பலர் அமர்ந்திருக்கிறார்கள்.